உப்பைப் பிரிக்கும் இரண்டு பேர்

செப்டம்பர் 9, திங்கள்

மகளிர் குழுக் கூட்டத்தில் இன்று சீட்டுக் குலுக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டி முடித்திருக்கும் தண்ணீர் நிலையத்தை இரண்டு பெண்கள் பொறுப்பெடுத்து நடத்த வேண்டுமாம். வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தில் உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றும் மெஷின். ஏழு பேர் பெயர் கொடுத்திருந்தோம். முதல் சீட்டைப் பிரித்து "வேதவல்லி" என்று படித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இரண்டாவது சீட்டைப் பிரித்தார்கள். தையல்நாயகி. யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தையல்நாயகி என் கொழுந்தன் மனைவி. அடுத்த வீடுதான். ஆறு வருடமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. விரோதம் என்று ஒன்றும் கிடையாது. பேசுவதற்கு விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

சொல்லிக் கொடுக்க வந்திருக்கும் பெண் ஜெபசெல்வி, தூத்துக்குடிப் பக்கம். இருபத்தாறு வயதுதான் இருக்கும். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு தடித்த நோட்டுக் கொடுத்தாள். இடது பக்கம் மீட்டர் கணக்கு, வலது பக்கம் அன்றைக்கு நடந்தது.

"எல்லாத்தையும் எழுதுங்கக்கா. ஒண்ணையும் விடப்பிடாது. என்னைக்காவது மெஷின் மக்கர் பண்ணுனா, இத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்" என்றாள்.

அதனால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 11, புதன்

பயிற்சி தொடங்கியது. ஊர்க்கிணற்றுத் தண்ணீரில், உப்பை அளக்கும் பேனா மாதிரி ஒரு மீட்டரை வைத்தாள் ஜெபசெல்வி. 3,840 என்று காட்டியது. ஐந்நூறுக்குக் கீழே இருந்தால்தான் குடிக்கலாமாம். எங்கள் தாழம்பள்ளத்தில் எங்கே தோண்டினாலும் இந்த உப்புதான். உப்பளத்துக்கு வாழ்வு, வாய்க்குத் தாழ்வு. வாரம் இரண்டு நாள் லாரி வந்து ஊற்றினால் குடிதண்ணீர். மழைக்காலத்தில் ரோடு முங்கினால் அதுவும் இல்லை. புயலடித்தால் கேட்கவே வேண்டாம்.

பெரிய வெள்ளைக் குழாய்க்குள் ஒரு சவ்வைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். மெம்பரேன் என்று பெயர். அதில் தண்ணீரை அழுத்தித் தள்ளினால் நல்ல தண்ணீர் ஒரு பக்கம் கசிந்து வரும், உப்பு மறுபக்கம் போய்விடும்.

மூன்றாம் வால்வைத் திறக்கும்போது நான் ஜெபசெல்வியிடம், "அந்தப் பக்கம் நிக்கிறவங்கள கொஞ்சம் நகரச் சொல்லும்மா" என்றேன்.

"அவ்வோ ரெண்டடி தள்ளித்தான நிக்காவ? நீங்களே சொல்லுங்கக்கா."

நான் சொல்லவில்லை. தையல்நாயகி தானாக நகர்ந்துவிட்டாள். காது நன்றாகத்தான் கேட்கிறது அவளுக்கு.

செப்டம்பர் 12, வியாழன்

வால்வுகள் ஒன்று முதல் ஏழு வரை மனப்பாடம். இரவுச் சோற்றுக்கு மத்திக் குழம்பு. வால்வு நினைப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். "ஊருக்கு உப்பெடுக்கப் போற ஆளு இப்படிப் பண்ணலாமா" என்று கேலி செய்தார் என் வீட்டுக்காரர் சிங்காரவேல்.

செப்டம்பர் 18, புதன்

எழுதக் கை ஓடவில்லை. இன்று தண்ணீர் வந்தது!

காலை பத்து மணிக்கு வெயில் ஏறியது. பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் இருபது பேனலும் பளபளவென்று வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தன. ஜெபசெல்வி கண்ணைக் காட்டினாள். நான் சுவிட்சைப் போட்டேன். முதலில் ஒரு முனகல். அப்புறம் குழாய் நடுங்கியது. அப்புறம் நூல் மாதிரி ஒரு கோடு. அரை மணி நேரம் அதைக் கீழே விடச் சொன்னாள். பிறகு மீட்டரை வைத்தாள். 62.

ஊரே நின்று பார்த்தது. முதல் டம்ளரை யார் குடிப்பது என்று கேட்டார்கள். வயதில் மூத்தவர் என்று காத்தமுத்துவிடம் கொடுத்தோம். நாற்பது வருடம் உப்பு வாரிய மனிதர். மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தாத்தா, எப்டி இருக்கு?"

"ஒண்ணுமே இல்லியே" என்றார்.

"என்ன ஒண்ணுமில்ல?"

"தண்ணியில ஒண்ணுமே இல்ல. சப்புன்னு இருக்கு. நல்ல தண்ணி இப்டித்தான் இருக்குமா?"

எல்லோரும் சிரித்த சிரிப்பில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஜன்னலில் ஏறிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டில் துவரம்பருப்பு போட்டேன். கால் மணியில் மாவாய் வெந்துவிட்டது. டீ வைத்தேன். டீ டீயாக இருந்தது. மகளுக்குக் கும்பகோணம் விடுதிக்குப் போன் போட்டு, "பருப்பு வெந்துடுச்சுடி" என்றேன். என்னம்மா ஆச்சு உனக்கு என்று பயந்துவிட்டாள்.

சிரித்துக்கொண்டிருந்தபோது எதிரில் தையல்நாயகியும் சிரிப்பதைப் பார்த்தேன். இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

செப்டம்பர் 27, வெள்ளி

ஜெபசெல்வி இப்போது வாரம் ஒருநாள்தான் வருகிறாள். நிலையத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் எழுதிக்கொள்கிறோம். காலை முறை நான், மாலை முறை தையல்நாயகி.

நான்: மணல் வடிகட்டி கழுவவும். வே.
அவள்: கழுவியாச்சு. தை.
நான்: சரியாகக் கழுவவும். வே.
அவள்: வந்து பார்க்கவும். தை.

பார்த்தேன். சரியாகத்தான் கழுவியிருந்தாள்.

அக்டோபர் 4, வெள்ளி

இன்று நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்றையும் விடக் கூடாது என்று ஜெபசெல்வி சொல்லியிருக்கிறாள்.

புயல் எச்சரிக்கை வந்தால் பேனல்களைக் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். இதுதான் இந்த வேலையிலேயே முக்கியம் என்கிறாள் ஜெபசெல்வி. காற்றில் பறந்தால் பேனலும் போய்விடும், ஊருக்குத் தண்ணீரும் போய்விடும். இன்று அதற்கு முதல் ஒத்திகை. இருபது பேனல். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். ஒரு பக்கம் ஒருத்தி, மறுபக்கம் ஒருத்தி பிடித்து, ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, சேர்ந்தாற்போல் தூக்க வேண்டும்.

முதல் பேனலைத் தூக்கும்போது நான் தூக்கினேன், அவள் தூக்கவில்லை. அவள் தூக்கும்போது நான் விட்டுவிட்டேன். பேனல் சறுக்கி என் கால் பெருவிரலில் இறங்கியது. கண்ணாடி உடையவில்லை. நகம் போயிற்று.

ஜெபசெல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது.

"மணிக்கு நூறு கிலோமீட்டர்ல காத்து வரும்போ ஊம பாஷையிலதான் கழத்துவியளோ? எனக்கு ஒங்க சண்ட என்னன்னு தெரியாது. தெரியவும் வேண்டாம். தூக்கும்போ ஒண்ணு ரெண்டு மூணு சொல்லணும். அது போதும். சொல்லுவியளா, மாட்டியளா?"

தையல்நாயகி தரையைப் பார்த்தாள். நானும்தான்.

கடைசியில் நான் "ஒண்ணு" என்றேன். அவள் "ரெண்டு" என்றாள். "மூணு" என்று இருவரும் சொன்னோம். பேனல் எழும்பியது.

ஆறு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை "ரெண்டு".

இருபதையும் கழற்றிப் பள்ளிக்கூடத்து அறையில் அடுக்க ஐந்து மணி நேரம் பத்து நிமிடம் ஆனது.

அக்டோபர் 5, சனி

மறுபடி மாட்டினோம். வீட்டில் என் விரலில் மஞ்சள் பற்றுப் போட்டிருக்கும்போது தையல்நாயகியின் மகள் இசைவாணி வந்து ஒரு களிம்பை வைத்துவிட்டு ஓடிவிட்டாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். யார் கொடுத்துவிட்டது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

மூன்றாம் ஒத்திகை. இரண்டு மணி நாற்பது நிமிடம். ஜெபசெல்வி விசிலடித்தாள்.

மேகமூட்டம் தொடங்கிவிட்டது. தண்ணீர் மெதுவாகத்தான் வருகிறது.

ஒத்திகை முடிந்ததும், ஆறு வருடத்துக்கு முன்னால் அடித்த புயலில் இந்த ஊர் எப்படி இருந்தது என்று ஜெபசெல்வி கேட்டாள். அதனால் எழுதி வைக்கிறேன். ஐந்து நாள் குடிதண்ணீர் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு லாரி வந்தது. ஊரே மேலே விழுந்தது. அந்தத் தள்ளுமுள்ளில் தையல்நாயகி என் குடத்தைப் பிடித்து இழுத்தாள். குடம் கவிழ்ந்தது. தண்ணீர் எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. தப்பு யார் பேரில் என்று படிக்கிறவர்களுக்கே தெரியும். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நிலையத்துக்கு லீவு இல்லை. இசைவாணி புதுப் பாவாடையோடு வந்து, "பெரியம்மா, பலகாரம்" என்று தட்டை நீட்டினாள். அதிரசம் நன்றாக இருந்தது. குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"அம்மா காச்சித்தான் குடிக்கச் சொல்லிருக்காங்க."

"இது மெஷின் தண்ணி கண்ணு. காச்ச வேண்டாம்."

"அம்மாக்கும் தெரியும். ஆனாலும் காச்சுறாங்க. எனக்கு மட்டும்."

போய்விட்டாள். மெஷினை நடத்துகிறவளே அந்தத் தண்ணீரைக் காய்ச்சுவது ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் எழுத வேண்டும்.

நவம்பர் 20, புதன்

காற்றழுத்தம் புயலாகிவிட்டதாம். வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் பக்கம் கரையைக் கடக்கும் என்று ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஜெபசெல்விக்குப் போன் போட்டேன். அவள் வர பஸ் இல்லை.

"அக்கா, நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் செஞ்சிருவியளா?"

"செஞ்சிருவோம்" என்றேன். ரெண்டு பேரும் என்று அவள் கேட்டதற்கு நான் யோசிக்காமல் பதில் சொன்னதைப் பிறகுதான் கவனித்தேன்.

வெயில் இருந்த மூன்று மணி நேரமும் மெஷினை நிறுத்தவில்லை. ஐயாயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தது. வீட்டுக்கு வீடு குடம், அண்டா, குக்கர் எல்லாவற்றிலும் பிடித்து வைக்கச் சொன்னோம்.

நவம்பர் 21, வியாழன்

காலை ஆறு மணிக்கு நான் போனபோது தையல்நாயகி ஏற்கெனவே இரண்டு ஸ்பேனரோடு நின்றிருந்தாள். தூறல். காற்று புடைவையைப் பிடித்து இழுத்தது. முந்தானையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டோம்.

ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணு.

பதினாலாவது பேனலில் நட்டு துருப்பிடித்து அசையவில்லை. நான் தொங்கிப் பார்த்தேன். கை வழுக்கியது. அவள் சட்டென்று, "அக்கா, தேங்கா எண்ண விட்டுப் பாப்பம், நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மழையில் வீட்டுக்கு ஓடினாள்.

அக்கா என்றாள். நான் அங்கேயே ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றேன். மழை என்பதால் முகம் நனைந்திருந்தது.

எண்ணெய் விட்டுக் கால் மணி கழித்துத் திருகினோம். கழன்றது. மொத்தம் மூன்று மணி இருபது நிமிடம். கடைசி நான்கைத் தூக்க என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் வந்தார்கள். "ஒண்ணு ரெண்டு மூணு நாங்க சொன்னாத்தான் தூக்கணும்" என்று தையல்நாயகி அதட்டினாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு தூக்கினார்கள்.

நவம்பர் 22, வெள்ளி

பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஊர் மொத்தமும். ஒரு அறை நிறையப் பேனல், மற்ற அறைகளில் மனிதர்கள். பதினொன்றரைக்கு ஆரம்பித்து நான்கு மணி வரை அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தென்னைகள் தலையை விரித்துப் போட்டு ஆடின. ஒவ்வொன்றாக விழுந்தன. பேனல் அறைக் கதவு தெறித்துத் திறந்தபோது நானும் தையல்நாயகியும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடி முதுகைக் கொடுத்துக் கதவை அழுத்தினோம். காற்று நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம், தோளோடு தோள். அவள் நடுங்கினாள். அல்லது நான்.

ஊரில் ஒரு உயிரும் போகவில்லை. இதை இரண்டு தடவை எழுதலாம். ஒரு உயிரும் போகவில்லை.

நவம்பர் 23, சனி

கரண்டு கம்பம் எல்லாம் படுத்துவிட்டது. ரோடு இல்லை, மரம்தான் இருக்கிறது. போன் சிக்னல் இல்லை. வானம் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நீலமாக இருக்கிறது. அடிக்கிற வெயில்!

நிலையத்துக்கு ஓடினோம். கூரைத் தகடு ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிணறும் தொட்டியும் பத்திரம். ஆனால் பேனல் மாட்டும் இரும்புச் சட்டம் இரண்டில் ஒன்று, தென்னை விழுந்து நசுங்கிவிட்டது. பத்துப் பேனல்தான் மாட்ட இடமிருந்தது. மாட்டினோம். வயர் இணைக்கும்போது எனக்குக் கை ஓடவில்லை. ஒன்றின் சிவப்பு அடுத்ததன் கறுப்பில் என்பது தெரியும். கடைசி இரண்டு வயர் பெட்டியில் எங்கே போகும்? ஜெபசெல்வியைக் கேட்க வழியில்லை. தையல்நாயகி தன் நோட்டைப் புரட்டினாள். படமே போட்டு வைத்திருக்கிறாள், கலர் பென்சிலில்! பூக்கோலம் மாதிரி இருந்தது.

பதினோரு மணி இருபதுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. முனகல். நடுக்கம். தண்ணீர். மீட்டரில் 71.

எங்களுக்கு முன்னால் ஊர் நின்றது. ஒருத்தர் அழுதார், ஒருத்தர் கும்பிட்டார், காத்தமுத்து, "சப்புன்னு வருதா?" என்று கத்திக் கேட்டார்.

மீதிப் பத்துப் பேனலை என்ன செய்வது என்று விழித்தேன். தையல்நாயகி, "அக்கா, விழுந்து கெடக்குற தென்னந்தண்ட வரிசையாப் போட்டு அதுமேல சாச்சு வப்பமா? எதுக்குச் சும்மா கெடக்குது" என்றாள். ஆண்களைக் கூப்பிட்டு உருட்டினோம். சாயங்காலத்துக்குள் இருபதும் வெயிலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டன.

நவம்பர் 24, ஞாயிறு

செய்தி எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. பக்கத்து மூன்று ஊரிலிருந்தும் மரங்களைத் தாண்டித் தாண்டி வருகிறார்கள். தலையில் குடம், தோளில் கேன், ஒருத்தர் குழந்தைத் தொட்டில் சேலையில் பாட்டில்களைக் கட்டித் தூக்கி வந்தார். வரிசை பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் குளத்தங்கரை வரை போகிறது.

நாள் பூராவும் நான் ஒரு குழாய், அவள் ஒரு குழாய். ஒன்று கவனித்தேன். யாரும் தள்ளவில்லை. யாரும் ஏசவில்லை. பின்னால் நின்ற பெண் முன்னால் நின்ற பெண்ணின் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்கிறாள். "நீங்க முன்னாடி பிடிங்க, உங்களுக்குத் தூரம்" என்கிறார்கள். தண்ணீர் தீராது என்று தெரிந்தால் மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போல.

அதைப் பார்த்தபின் அக்டோபரில் எழுதியதை அப்படியே விட என்னால் முடியவில்லை. விடக் கூடாது என்று ஜெபசெல்வியும் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு லாரிக் குழாய் என் கையில் இருந்தது. என் முதல் குடம் நிறைந்துவிட்டது. இரண்டாவது குடத்தை வைத்திருந்தேன். எனக்குப் பின்னால் தையல்நாயகி. ஐந்து வயது இசைவாணியை இடுப்பில் வைத்திருந்தாள். ஒரு செம்புதான் கையில். "அக்கா, பாப்பாவுக்கு மட்டும் ஒரு செம்பு" என்றாள். எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி நின்றேன். லாரியில் தண்ணீர் குறைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் அவள் குடத்தைப் பிடித்து இழுத்தாள். கவிழ்ந்தது. என் முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குழந்தை குளத்துத் தண்ணீரைக் குடித்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

மதியம் வரிசை சற்று ஓய்ந்தது. இருவரும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தோம். சேறு அப்பியிருந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தொடங்கினேன்.

"தையலு, அன்னைக்கு லாரியில நீ ஒரு செம்பு கேட்டது எனக்குக் காதுல விழுந்துச்சு."

அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா."

"தெரியுமா?"

"ஒங்க தோளு அசஞ்சுச்சு. கேக்காத ஆளுக்குத் தோளு அசையாது."

அவளே தொடர்ந்தாள். "அதக்கூட மறந்துட்டேன். நானுந்தான கொடத்தக் கவுத்தேன்? பக்கத்துல நின்ன புள்ளைவொளுக்கும் இல்லாமப் போச்சு. ஆனா ஒம்பது நாளு ஆஸ்பத்திரியில கெடந்தோம். நீங்க ஒரு நாளு வந்து எட்டிப் பாக்கல. அதத்தான்க்கா என்னால முழுங்க முடியல."

"வந்தேன்."

நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு நாளு பஸ் ஏறி வந்தேன் தையலு. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வருவேன். ஒன்ன எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்குறதுன்னு திரும்பிடுவேன். மூணாம் நாளு அங்க பன்னு வித்த ஆளே கேட்டாரு, யாரம்மா தேடுறன்னு."

அவள் முகத்தை முழங்கையால் துடைத்தாள். முகத்தில் சேறு அப்பிக்கொண்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். இரண்டும்தான்.

"ஆறு வருஷமாக்கா! இத ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே சண்ட போட்டு முடிச்சிருக்கலாமே!"

வரிசையில் நின்ற ஒரு அம்மா, "ஏம்மா, தண்ணி வருமா, இல்ல அழுதுக்கிட்டே இருப்பியளா?" என்று கேட்டார். வடிகட்டியை மாட்டினோம்.

நவம்பர் 28, வியாழன்

விளையாடப் போகும் வழியில் இசைவாணி குழாயடியில் நின்றாள். தையல்நாயகி குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் பிடித்து, நேராக அவளிடம் கொடுத்தாள். காய்ச்சாமல். பிள்ளை குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு ஓடியது.

நவம்பர் 29, வெள்ளி

"ஆறு வருஷத்துப் பேச்சையும் ஆறு நாள்ல பேசி முடிக்கணுமா? ரெண்டு வீட்டுலயும் சோறு பொங்கல" என்கிறார் என் வீட்டுக்காரர். கொழுந்தனும் அவரும் பள்ளிக்கூட வாசலில் கல் கூட்டிக் கஞ்சி வைத்தார்கள். அடிப்பிடித்திருந்தது. குடித்தோம்.

டிசம்பர் 2, திங்கள்

ரோடு திறந்தது. முதல் வண்டியில் ஜெபசெல்வி வந்து இறங்கினாள். நாங்கள் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டோம். தென்னந்தண்டு மேல் சாய்ந்திருந்த பத்துப் பேனலையும் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். சாய்வை அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"அஞ்சு டிகிரிதான் கொறையுது. எப்பிடிக்கா?"

"கண்ணளவு" என்றோம் இருவரும்.

பத்து நாளில் நான்கு ஊருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறோம். யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை என்று நர்ஸ் அம்மா சொன்னார். ஜெபசெல்வி எங்கள் நோட்டுகளைக் கேட்டாள். இடது பக்கத்தை மட்டும் படி என்று சொல்லிக் கொடுத்தேன். தையல்நாயகியும் அதையே சொன்னாள். அவள் வலது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாளோ!

டிசம்பர் 12, வியாழன்

எங்களை வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள்! கடற்கரையோரத்துக் குப்பம் ஒன்றில் புது நிலையம் வருகிறதாம். அங்குள்ள பெண்களுக்கு நாங்கள் இருவரும் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. தையல்நாயகி நீலப் புடைவை கட்டப் போகிறாளாம். நானும் நீலம்தான் நினைத்திருந்தேன்.

டிசம்பர் 18, புதன்

குப்பத்தில் பேசிவிட்டு வந்தோம். முப்பது பெண்கள். வலை பின்னுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டார்கள். ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி ஒரு பேனலைத் தூக்கிக் காட்டினோம். கை தட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. புயலுக்கு அப்புறம் என்ன செய்தீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். நான், "தென்னந்தண்ட வரிசையாப் போட்டு அதுமேல வச்சிடலாம்னு எனக்குத் தோணுச்சு" என்றேன்.

தையல்நாயகி முப்பது பேர் முன்னால், "ஒங்களுக்கா தோணுச்சு?" என்றாள்.

பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தது. கண்டக்டர் இரண்டு தடவை வந்து சத்தம் போட வேண்டாம் என்றார். தண்டை உருட்டச் சொன்னது நான், அடுக்கச் சொன்னது நான், அப்படியென்றால் யோசனை யாருடையது? முந்தின பக்கங்களைப் புரட்டினால் தெரிந்துவிடும். எனக்கு நேரமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கித் தனித்தனியாக நடந்து வந்தோம். "ஐயோ, திரும்பவும் ஆறு வருஷமா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் என் வீட்டுக்காரர். இனி அவள் முகத்தில் விழிக்கப் போவதில்லை.

டிசம்பர் 19, வியாழன்

காலை ஆறரைக்குக் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் தையல்நாயகி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"வெயிலு ஏறுதுக்கா. பேனல யாரு தொடைக்கிறது? கோவத்த வழியில வச்சுக்குவோம், கெளம்புங்க."

கிளம்பினேன். நிலையம் போய்ச் சேரும்வரை சண்டை போட்டுக்கொண்டே போனோம்.

தண்ணீர் 64.